பழைய லயத்துப் பலகையில் புதிய மேசை: வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உங்க தாத்தா பாட்டி தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களில் இருந்தவங்களா? அப்படின்னா 'லயத்து வீடு' என்ற சொல்லை நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க. அந்த வீடுகளில் பல இன்று இல்லை. ஆனால் அவற்றின் கதவும் சன்னலும் பலகையும் சில நேரம் மேசையாக, அலமாரியாக மறுபடி வீட்டுக்குள் வருகின்றன.

பார்க்க அழகுதான். ஆனால் சில பழைய பொருள்கள் உடம்புக்கு ஆபத்து. சிலவற்றை எடுக்க உங்களுக்கு உரிமையே இல்லை. அதனால் கொஞ்சம் பொறுங்க, முதலில் இதைப் படிங்க.

இந்த மரம் எங்கிருந்து வருது?

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. பெயரில் தென்னை இருந்தாலும் மண்ணில் வளர்ந்தது செம்பனை. பின்னாளில் பல தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின. சில தோட்டங்கள் தாமான்களாகவே மாறின. மக்கள் வெளியேறினார்கள், லயங்கள் இடிந்தன. பலகை, உத்தரம், கதவு, தகரம் எல்லாம் பழைய சாமான் கடைகளுக்குப் போயின.

நல்ல மரமா, எப்படித் தெரியும்?

முதலில் தூக்கிப் பாருங்க. செங்கால் மரம் கனமாக இருக்கும். ஒரு கன மீட்டர் சுமார் 900 கிலோ அல்லது அதற்கும் மேல். கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. இந்த மரம் வளர மிக நீண்ட காலம் ஆகும். அதனால் பழைய செங்கால் பலகை ஒன்றைக் காப்பாற்றினால், காட்டில் ஒரு மரத்துக்கு வேலை குறையும்.

யாராவது, "இது பழைய லயத்து ரப்பர் மரப் பலகை" என்று விற்றால் சந்தேகப்படுங்க. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டியவுடன் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் வந்துவிடும். 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்த பிறகு வெட்டப்படும் மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். இன்று அதே மரம் மூவாரிலும் மற்ற ஊர்களிலும் நாற்காலியாகி, வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய மரம்தான் அது!

எதைத் தொடவே கூடாது?

கல்நார்: பழைய கூரை, உட்கூரைத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அறுத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் பறக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அழகுக்காகக்கூட எடுக்காதீங்க.

பழைய சாயம்: அடுக்கடுக்காய் உரியும் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அந்தச் சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீங்க, சூடுகாட்டி உரிக்காதீங்க.

ரயில் தண்டவாளக் கட்டை: பழைய கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கலாம். படுக்கையறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அது வேண்டவே வேண்டாம்.

சரக்குப் பேலட்: கிள்ளான் துறைமுகம் பக்கம் என்பதால் இது சுலபமாகக் கிடைக்கும். மேலே உள்ள முத்திரையைப் பாருங்க. 'எச்டி' என்றால் வெப்பத்தால் பக்குவம் செய்தது. 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு போட்டது. அது வேண்டாம். முத்திரையே இல்லையா? அதையும் விட்டுடுங்க.

எடுக்க உரிமை இருக்கா?

தோட்டம் கொடுத்த வீடு தோட்டத்தின் சொத்து. தொழிலாளருக்கு எந்தத் தரத்தில் வீடு தரணும் என்பதை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் வகுத்துள்ளது. ஆனால் அங்கே குடியிருந்ததால் மட்டும் வீடு நம்முடையதாகிவிடாது. காலியாகக் கிடந்தாலும், தாத்தா முப்பது வருஷம் இருந்த வீடே ஆனாலும், நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் பலகையைக் கழற்றணும். கடையில் வாங்கினால் ரசீது கேளுங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டத்தின் 411-ஆவது பிரிவின்படி குற்றம். இடிந்த கோயிலின் பொருளென்றால் ஆலய நிர்வாகத்தைக் கேட்காமல் கை வைக்காதீங்க.

வீட்டுக்கு வந்த பிறகு?

ஒவ்வோர் ஆணியையும் பிடுங்குங்க. உள்ளே ஒளிந்திருப்பதைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பலகையைத் தட்டிப் பாருங்க. 'டொக்கு' என்று வெற்றாகக் கேட்டாலோ மாவு உதிர்ந்தாலோ உளுத்துப்போயிருக்கு. சில வாரம் நிழலில், காற்றோட்டமாக அடுக்கி வையுங்க. ஈரம் குறையாமல் மேசை செய்தால் பின்னால் வளையும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

தமிழ்நாட்டில் செட்டிநாட்டு மாளிகைகள் இடிந்தபோது, பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அந்த மாளிகைகளைக் கட்டிய பணத்தில் மலாயாவில் சம்பாதித்ததும் உண்டு. தூண் ஒரு ஊருக்கு, கதவு இன்னொரு ஊருக்கு என்று பிரிந்தபோது, எந்த வீட்டுத் தூண் எது என்ற கதை தொலைந்தது.

சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வேறு வழியில் போனது. பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, முழு வீடாகவே திரும்பக் கட்டினார்கள். நம் நாட்டிலும் கெடாவில் இருந்த பெங்ஹுலு அபு செமான் வீடு 1990-களில் கோலாலம்பூர் ஸ்டோனர் சாலைக்கு வந்து மறுபடி எழுந்தது.

ஒரு லயத்தையே பெயர்த்து வைக்க உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் கழற்றும் முன் நாலு படம் எடுக்கலாம். மேசையின் அடிப்பக்கத்தில் தோட்டத்தின் பெயர், அங்கே இருந்த குடும்பம், எடுத்த ஆண்டு மூன்றையும் எழுதி வைக்கலாம். எழுதும் முன் பாட்டியை ஒரு தடவை பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்க. பலகை இன்னும் பல ஆண்டு தாங்கும். அது எந்த வீட்டுக் கதவு என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.