சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில் ஒரு காட்சி வருகிறது. புகார் நகரத்து வீதியில் ஒருவன் போகிறான். அலரிப் பூவும் எருக்கம் பூவும் அணிந்திருக்கிறான். உடுத்தியிருப்பது கந்தல். அழுகிறான், விழுகிறான், தன் நிழலோடு சண்டையிடுகிறான். அவனைச் சுற்றி ஒரு கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிறது. உளநோயுற்ற ஒரு மனிதனைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் இதுவும் ஒன்று. நோயாளியைக் காட்டிய சாத்தனார் அவனைச் சூழ நின்றவர்களையும் மறக்காமல் காட்டிவிட்டார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் காப்பியத்திலேயே மணிபல்லவம் என்றொரு தீவும் வருகிறது. அது யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நயினாதீவுதான் என்று கருதும் அறிஞர் பலர் உளர், மறுப்போரும் உளர். நயினாதீவு மக்களுக்கு இதில் ஐயமில்லை. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வருவோருக்கு அமுதசுரபியின் பெயராலேயே அங்கு அன்னதானம் நடக்கிறது. அந்தத் தீவில் மணிமேகலை துயில் நீங்கித் தனியே எழுந்து கலங்கியதை எல்லோரும் அறிவர். ஆபுத்திரன் அங்கேதான் உயிர்நீத்தான் என்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. சாவகத்துக்குப் போன கப்பல் காற்றின் காரணமாக மணிபல்லவத்தில் தங்கியது. இறங்கிய ஆபுத்திரன் திரும்ப ஏறவில்லை என்பதைக் கவனியாமலே இரவில் கப்பல் போய்விட்டது. கையில் வற்றாத பாத்திரம் இருந்தும் ஊட்டுவதற்கு ஓர் உயிர் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து இறந்தான்.

கப்பல் அவனை விட்டுச் சென்றது பகையினால் அன்று, கவனியாமையினால். உளநோயுற்றவர்களைப் பொறுத்தவரை நமது அரசுகளும் சமூகமும் பெரும்பாலும் இதே வகைக் குற்றத்தையே செய்துவந்திருக்கின்றன. இதை நான் புத்தகத்திலிருந்து படித்துக்கொள்ளவில்லை. ஒரு படகில் கற்றுக்கொண்டேன்.

2003ஆம் ஆண்டு, ஆனி மாதம். போர்நிறுத்தக் காலம். திருவிழாச் செய்தி சேகரிக்க நயினாதீவுக்குப் போய்விட்டுக் குறிகட்டுவானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நெரிசலான படகில் ஒரு மூலையில் மட்டும் இடமிருந்தது. அங்கே ஒரு தாயும் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க அவருடைய மகனும் இருந்தனர். மகன் கடலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஆயினும் அவனருகே ஒருவரும் அமரவில்லை. இடமிருப்பதைக் கண்டு அங்கே போன நானும், அவன் முகத்தைப் பார்த்ததும் மறுபக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

இறங்குதுறையை நெருங்கும்போது அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "தம்பி, யாழ்ப்பாணம் போற பஸ் நிக்குமோ? கிளினிக்குக்குப் போகவேணும். ஊசி போட்டு ஏழு கிழமையாப் போச்சு. போனமுறை சோளகம் அடிச்சு வள்ளம் விடேல்லை. மற்றமுறை என்னட்டைக் காசில்லை."

அந்த ஊசியைப் பற்றிப் பின்னர் ஓர் உளமருத்துவரிடம் விசாரித்தேன். மனச்சிதைவு என்னும் நோய் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பற்றக்கூடியது. 1952இல் குளோர்புரோமசின் என்னும் மருந்து பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தபின் அது கட்டுப்படுத்தத்தக்க நோயாயிற்று. ஒவ்வொரு நாளும் மாத்திரை விழுங்க இயலாதவர்களுக்காக எண்ணெயில் கரைத்த மருந்தைத் தசையில் ஏற்றுகிறார்கள். அது சில வாரங்களுக்குச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். தவணை தப்பினால் மருந்தின் அளவு குறையும். அடங்கியிருந்த குரல்கள் மீண்டும் பேசத் தொடங்கும். குறிகட்டுவானிலிருந்து யாழ் நகருக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். புங்குடுதீவைக் கடந்து, வாணர் தாம்போதியைக் கடந்து, வேலணையையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து போகவேண்டும். வடக்கின் முக்கியமான உளமருத்துவப் பிரிவு இருந்த தெல்லிப்பழை அதற்கும் அப்பால். அந்த மகனின் நோய்க்கு மருந்து இருந்தது. மருந்துக்கும் அவனுக்கும் நடுவே கடல் இருந்தது.

இத்தூரம் இயற்கை மட்டும் வகுத்ததன்று; அதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்து 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உளநோயை முதலில் நீதிமன்றத்தின் விடயமாகவே கருதியது. ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என்று மாவட்ட நீதிபதி விசாரிப்பார். ஆமெனில் புகலிடத்துக்கு அனுப்புவார். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பும் நடைமுறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. தானாக விரும்பிச் சிகிச்சை பெற வருபவருக்கான ஏற்பாடுகள் இருபதாம் நூற்றாண்டில் வந்த திருத்தங்களினாலேயே சட்டத்தில் இடம்பெற்றன. புகலிடங்களும் கொழும்பைச் சுற்றியே அமைந்தன. 1920களில் அங்கொடையில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. பின்னர் முல்லேரியாவில் இன்னொன்று. வடக்கிலிருந்து ஒருவரை அங்கு அனுப்புவதென்றால் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றருக்கு அப்பால், மொழி தெரியாத இடத்தில், உறவினர் வந்து பார்க்க முடியாத தொலைவில் விட்டுவருவது என்று பொருள். 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. 2008இல் அவ்வைத்தியசாலை தேசிய உளநல நிறுவகமாகப் பெயர் மாறியது. பெயர் மாறிய வேகத்தில் வசை மறையவில்லை.

ஆகவே மக்கள் கோயிலை நாடினார்கள். நயினாதீவு அம்மனிடமும் வந்தார்கள்; தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்கும் போனார்கள். அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற சந்நிதியின் மடங்களில் தங்கி உண்போரில் உளநோயுற்றோரும் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. பெங்களூரைச் சேர்ந்த உளமருத்துவ ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் எழுதினர். அங்கு மருந்து கொடுக்கப்படவில்லை. நோய்நீக்கும் தனிச் சடங்கும் இல்லை. குடும்பத்தார் ஒருவரோடு சில வாரங்கள் அமைதியான இடத்தில் தங்கி, சிறு கோயிற்பணிகள் செய்தனர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6இல், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் எரிந்து மாண்டனர். இரண்டுமே வழிபாட்டுத் தலங்களைச் சார்ந்து நடந்தவை. ஒன்றில் உறவினர் கூட இருந்தனர். மற்றதில் சங்கிலி இருந்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஏர்வாடி நடந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின்!

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விகளைப் போரின் நடுவே நின்று எதிர்கொண்டவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கற்பித்தவர். 'முறிந்த பனை'யின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர். அந்நால்வரில் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். உண்மையை எழுதுவதன் விலை என்னவென்று அறிந்த சூழலிலிருந்தே சோமசுந்தரம் தமது மருத்துவத்தைச் செய்தார். போரின் உளவியல் பாதிப்பை 1998இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார். 2014இல் வந்த அடுத்த பெருநூலில் தனிமனித மனவடுவிலிருந்து சமூகத்தின் மனவடுவுக்கு நகர்ந்தார்.

அவருடைய பார்வையின் சாரத்தை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். மேற்கத்திய உளமருத்துவம் பாதிப்பை ஒரு தனி ஆளின் தலைக்குள் தேடுகிறது. நமது சமூகத்தில் 'நான்' என்பது குடும்பமும் ஊருமாக விரிந்து கிடப்பது. ஊர் பெயரும்போது, கோயில் பூட்டப்படும்போது, அயலவரை ஐயத்தோடு பார்க்கப் பழகும்போது, நோயுறுவது ஊர்தான். ஆகவே மருத்துவமும் ஊருக்குள் போகவேண்டும். ஆசிரியர்களுக்கும் கிராமமட்டப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பதும், அவர்களுக்காகத் தமிழில் கைநூல் ஆக்குவதும் அவர் வழியாயின. சாந்திகம் போன்ற அமைப்புகள் உளவளத்துணையை அதே நோக்கில் வளர்த்தன. பதற்றத்தைத் தணிக்க சைவருக்கு மந்திர ஜபமும் கிறிஸ்தவருக்கு ஜெபமாலையும் உதவும் என்று கருதியவர் அவர். ஆயினும் கடுமையான நோய்க்கு மருந்து வேண்டும் என்பதில் அவர் தளர்ந்ததில்லை.

தீவகத்துக்கு இந்தப் பார்வை எவ்வளவு பொருந்தும் என்பதை அதன் அண்மைக்கால வரலாறே சொல்லும். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள், கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏனைய இடங்களில் படகு ஒரு வாகனம். தீவகத்து மக்களுக்கு அதன்பின் அது ஒரு நினைவு. வைத்தியசாலைக்குப் போகவும் அதே கடலைத்தான் கடக்கவேண்டும். 1990 ஆகஸ்டில் தீவுகள் படையினர் வசமானபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர்; காணாமற்போனோரும் பலர். அவர்களைத் தேடும் தாய்மாரின் துயரத்துக்கு எந்த மாத்திரையும் இல்லை. உண்மை தெரியும்வரை அது ஆறாது. இங்கே உளமருத்துவரின் எல்லை முடிந்து அரசின் கடமை தொடங்குகிறது.

அரசால் என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்கு இலங்கையிலேயே விடை இருக்கிறது. 1995இல் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதி படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. 2005 அளவில் விகிதம் பாதியாகக் குறைந்தது. ஒரு கண நேர வேதனையில் எடுக்கும் முடிவு மரணமாகாமல் தப்பினால், பெரும்பாலோர் மீண்டும் வாழவே விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது.

ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் வந்த உளநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்றது. உளநல மருத்துவ அலுவலர்களும் வெளிக்களச் சிகிச்சை நிலையங்களும் பெருகியமை மெய்யான முன்னேற்றம். ஆனால் அதே கொள்கை வாக்களித்த புதிய உளநலச் சட்டம், அக்கொள்கைக்குரிய பத்தாண்டுக் காலம் 2015இல் முடிந்தபோதும் நிறைவேறியிருக்கவில்லை. 2009இல் வன்னி மக்கள் முட்கம்பிக்குள் இருந்தபோது உளசமூகப் பணிகளுக்கு அனுமதி பெறுவதே போராட்டமாக இருந்தது. வீடு கட்டலாம், வீதி போடலாம். அழுவதற்கு உதவக்கூடாது என்ற மனப்பான்மை அது.

நயினாதீவுக் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டாருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உரியவருக்கு. ஏனைய சரக்குக் கப்பலாயின் பாதிக்குப் பாதி என்று கணக்குத் தீர்க்கிறது. உடைந்த கப்பலுக்கு இத்தனை தெளிவான ஒரு சட்டத்தை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டிய தீவில், உடைந்த மனிதருக்கு மாதமொருமுறை ஓர் ஊசி தவறாமல் போய்ச்சேர வழிசெய்வது கடினமான காரியமாக இருக்கலாகாது. உளமருத்துவர் ஒவ்வொரு தீவிலும் வசிக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு தாதியும், தவணை தப்பியவரின் வீட்டைத் தேடிச்செல்ல ஒரு பணியாளரும், குளிர்ப்பெட்டியில்கூட வைக்கத் தேவையில்லாத அந்த மருந்தும் போதும்.

பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் பங்குண்டு. அந்தப் படகுப் பயணத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர், சந்தையில் கலவரப்பட்ட ஒருவரைப் பற்றிய செய்திக்கு 'பைத்தியத்தின் அட்டகாசம்' என்று தலைப்பிட்டவன் நான். ஆசிரியபீடத்தில் பாராட்டும் கிடைத்தது. அந்த மனிதருக்கு வீடும் தாயும் இருந்திருக்கும் என்று அன்று தோன்றவில்லை. படகில் நான் நகர்ந்து நின்றதற்கும் அந்தத் தலைப்புக்கும் இடையே அதிக தூரமில்லை. புகார் வீதியில் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

அன்று குறிகட்டுவானில் பஸ் நின்றது. தாயும் மகனும் ஏறினர். அவன் பக்கத்து இருக்கை வெறுமையாகவே இருந்தது. இம்முறை நான் அதில் அமர்ந்தேன். பண்ணை வரும்வரை அவன் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இறங்கும்போது அந்தத் தாய் மட்டும் "சரி, போட்டு வாறம் தம்பி" என்றார்.

மணிமேகலையில் இன்னொரு காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்று பெயர். அவள் அரசனிடம் பொன்னோ நிலமோ கேட்கவில்லை. சிறையை அறச்சாலையாக மாற்றித்தரும்படி கேட்டாள். அரசனும் இசைந்தான். உளநலக் கொள்கை என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் இன்று எழுதப்படுவதெல்லாம் அந்த ஒரு வேண்டுகோளின் விரிவுரைதான். கேட்பதற்கு ஆட்கள் வேண்டும். கப்பல் புறப்படுமுன் எல்லோரும் ஏறியாயிற்றா என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கவும் யாராவது வேண்டும்.