குட்டி முதல் முதுமை வரை... வீட்டு நாய்க்கு எந்த வயதில் என்ன செய்யணும்? முழு விவரம்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தோட்டத்துச் சாளைகளில் நாய் இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். ஆட்டுப்பட்டிக்குக் காவல், ராத்திரியில் ஆள் வந்தால் குரல் என அதுவும் வீட்டில் ஒரு ஆள்தான். ஆனால் ஊசி போட்டாச்சா என்று கேட்டால், "எங்க நாய் தோட்டத்தை விட்டு வெளியவே போகாதுங்க, அதுக்கெதுக்குங்க ஊசி?" என்ற பதில்தான் பல இடங்களில் வரும். சிக்கல் தொடங்குவதே இங்குதான்.

வெளியே போகாத நாய்க்கும் ஊசி ஏன்?

தோட்டத்து நாய் வெளியே போகாவிட்டாலும் தெருநாய், நரி, கீரி உள்ளே வரும். ஒரு கடி போதும், ரேபிஸ் எனும் வெறிநோய் தொற்றிவிடும். அறிகுறி தெரிந்த பிறகு நாயையும் காப்பாற்ற முடியாது, அது கடித்த மனிதரையும் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஒரு காலத்தில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற இமாச்சலத்தின் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. கோவைக்குப் பக்கத்திலேயே, குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது 1907-ல். நூறு ஆண்டுகளைத் தாண்டிய பிறகும், பக்கத்தில் கிடைக்கும் ஊசியைப் போடாமல் விடுவதுதான் ஆபத்தாக இருக்கிறது.

குட்டிப் பருவம்: முதல் ஆண்டு

* 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. 16 வாரம் ஆகும் வரை, 2 முதல் 4 வார இடைவெளியில் பூஸ்டர்.
* 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி. மருத்துவர் சொல்லும் தேதியில் பூஸ்டர், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.
* குடற்புழு மருந்து 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விடக்கூடாது. வாந்தி, ரத்தம் கலந்த பேதி இருந்தால் அது பார்வோவாக இருக்கலாம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் உடலில் நீர் வற்றி, ஓரிரு நாளிலேயே குட்டி இறந்துபோகும்.

வளர்ந்த நாய்: சாப்பாடும் உண்ணியும்

வெறும் மோர்ச்சோறு, களி மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கறி போன்ற புரதமும் வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

ஆடு, மாடு உள்ள இடத்தில் உண்ணித் தொல்லை அதிகம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால் மருந்து உண்டு. உண்ணியைக் கொல்ல வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் தெளித்தால் உயிருக்கே ஆபத்து.

இனப்பெருக்கம் வேண்டாம் என்றால் கருத்தடை நல்லது. பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இதனால் நீங்கும்.

சித்திரை வெயிலில் கவனம்

நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தகரக் கொட்டகையில் சங்கிலியில் கட்டிப்போட்டால் அதற்கு வழியே இல்லை. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு இனங்களுக்கு இந்த வெயில் இன்னும் கஷ்டம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனங்கள் ஓரளவு தாங்கும்.

ஏழு வயதுக்கு மேல்...

பெரிய இன நாய்களுக்கு முதுமை இன்னும் முன்பே வந்துவிடும். மூட்டுவலி, கண்புரை, சிறுநீரகக் கோளாறு எட்டிப்பார்க்கும் வயது இது. 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நல்லது. தண்ணீர் அதிகம் குடிப்பது, எடை குறைவது, படியேறத் தயங்குவது ஆகியவற்றை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. பலவற்றுக்கு மருந்து இருக்கிறது.

எங்கே போகலாம்?

அரசு கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி போடப்படுகிறது. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டி இலவச முகாம்களும் நடப்பதுண்டு. பெரிய சிகிச்சைக்கு நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

கடித்துவிட்டால்?

வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயின் ஊசி அட்டையையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டலாம்.