பட்டணத்துப் பெரிய மனிதர்கள்

சென்னைப் பட்டணத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் கோட்டையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1639, பிரான்சிஸ் டே, நாயக்கர் கொடுத்த மணல்திட்டு. அப்புறம் வரிசையாகக் கவர்னர்கள். கோட்டைக்கு மண் சுமந்தது யார், துரைக்கு அடுப்பெரித்தது யார் என்று கேட்டால் ஏட்டில் பேர் இல்லை. பழைய ஆவணங்களில் 'பறைச்சேரி' என்று ஒரு சொல் வரும். அவ்வளவுதான் நம்ம கணக்கு.

அந்தக் கவர்னர்களில் ஒருவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை கோட்டையை ஆண்டவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680-இல் நடந்த முதல் கல்யாணமே இவருடையதுதான். சொந்த வியாபாரத்தில் கொள்ளை கொள்ளையாகச் சேர்த்தார். புகார் எழுந்து பதவி போனது. பிறகு 1718-இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். கல்லூரிக்கு அவர் பேரையே வைத்துவிட்டார்கள். வள்ளல் ஆகிவிட்டார்.

அதே யேல் காலத்தில்தான், ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டையில் உத்தரவு போட்டார்கள். பஞ்ச காலம் அது. கஞ்சிக்கு வழியில்லாதவர்களும் பிள்ளைபிடிகாரர்களிடம் சிக்கியவர்களும் சரக்காகப் போனார்கள். முகலாய அதிகாரிகள் நெருக்கிய பிறகு 1688-இல் தடை வந்தது. கப்பலேறியவர்கள் என்ன சாதி என்று எந்தக் கணக்கனும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பஞ்சம் முதலில் யார் வீட்டுக்குள் நுழையும் என்பது நமக்குத் தெரியாததா? அடிமை வணிகத்தோடு இருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024-இல் மன்னிப்புக் கேட்டது.

இன்னொருவன் ஜேம்ஸ் நீல். 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் மனிதர்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கில் போட்ட தளபதி. அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை. 1927-இல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது, 1937-இல் சிலை மியூசியத்துக்குப் போனது. நியாயமான காரியம். வெள்ளைக்காரன் செய்த கொடுமைக்குக் கணக்குப் பார்த்தாகிவிட்டது.

உள்ளூர்க் கணக்கு என்ன ஆச்சு?

1921-இல் பின்னி மில் வேலைநிறுத்தம். பெரும்பாலான ஆதிதிராவிடத் தொழிலாளிகள் அதில் சேரவில்லை. ஜூன் 28 அன்று புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய நூறு குடிசைகள் எரிந்தன. அரசாங்கம் இவர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் பழியைத் திருப்பிப் போட்டார்கள். அதை எதிர்த்துப் பேசியவர் எம்.சி. ராஜா. மனம் கசந்து 1923-இல் கட்சியை விட்டே வெளியேறினார். நீலின் பேர் எல்லோருக்கும் தெரியும். புளியந்தோப்பில் கொள்ளி வைத்த கைக்குப் பேர் கிடையாது. கும்பலாக வந்து எரிப்பதில் இது ஒரு வசதி.

இதே பட்டணத்தில்தான் ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை நடத்தினார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் போட்டார். இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். யேல் சேர்த்தது மூட்டை மூட்டையாய்; பண்டிதர் கேட்டது ஒரு பைசா. அதுக்குள்ளே வைத்தியம், பௌத்தம், வரலாறு, இலக்கணம் எல்லாம் கொட்டினார். 1914-இல் அவர் மறைந்த பிறகு, தமிழ் அறிவுலகம் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். எண்பத்தஞ்சு வருஷ மௌனம்! மறதி என்று இதைச் சொல்ல முடியுமா? மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

இன்று கிண்டியில் பண்டிதருக்கும் மணிமண்டபம் இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் நம்ம சனங்களைக் கிளப்பி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். குடிசை போனால் கூடவே கதையும் போகும். எந்தத் தெருவில் யார் இரவுப் பள்ளி நடத்தினார், எந்தத் திண்ணையில் பத்திரிகையை உரக்கப் படித்தார்கள் என்பது அங்கே இருந்த பெரியவர்களின் நாக்கில்தான் இருக்கிறது. அந்தத் தாத்தா பாட்டிமார்களைப் போய்ப் பாருங்கள். பேர்களைக் கேட்டு எழுதுங்கள். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் பட்டியல் இன்னும் முடியவில்லை.