மதெய்ரா மதுவும் ஆண்டுக்குறிப்பின் சான்றுத்தன்மையும்

போர்ச்சுக்கல் நாட்டுக்குரிய மதெய்ரா தீவின் பழைய மதுவை நாடுவோர் சுவையை மட்டும் நாடுவதில்லை. புட்டியின் மேலுள்ள ஆண்டையும் சேர்த்தே நாடுகின்றனர். இருநூறாண்டு கடந்த திராட்சை மது இன்றும் அருந்தத்தக்கதாக இருக்கக்கூடும் என்பதே இக்கவர்ச்சியின் அடிப்படை. அவ்வாண்டு எதற்குச் சான்றாகிறது என்பதை இக்கட்டுரை வினவுகிறது.

அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் செல்லும் கப்பல்கள் நீரும் உணவும் ஏற்றிக்கொள்ளும் இடமாக ஃபுன்சால் துறைமுகம் விளங்கியது. அங்கு ஏற்றப்பட்ட மது நெடும்பயணத்தில் கெடாதிருக்கப் பிராந்தி சேர்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் கப்பலடியில் புழுங்கிய மது கெடவில்லை, மாறாக, மேம்பட்டிருந்தது. போய்த் திரும்பிய பீப்பாய்கள் 'வின்யோ ட ரோடா', அதாவது சுற்றிவந்த மது, எனப் பெயர்பெற்று உயர்விலைக்குப் போயின. இந்தியா சென்று மீண்டவற்றுக்குத் தனி மதிப்பிருந்தது. பின்னர், கடற்பயணத்தின் வேலையைக் கரையிலேயே செய்ய வெப்ப அறைகள் தோன்றின. உயர்தர மதுவோ மேன்மாடங்களில் கதிரவன் வெம்மையில் ஆண்டுக்கணக்கில் முதிர்விக்கப்பட்டது. பிற மதுக்களைக் கெடுக்கும் வெப்பமும் காற்றும் இம்மதுவின் ஆக்கத்திலேயே பங்கேற்றுவிடுகின்றன. திராட்சையின் மிகுந்த அமிலத்தன்மையும் இதற்குத் துணைநிற்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாம்பல் நோயும், 1872 முதல் ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சியும் தீவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தன. டெரான்டெஸ் போன்ற வகைகள் அருகின. ஆகவே, அதற்கு முந்தைய மது இன்று காணவியலாத தோட்டங்களின் எச்சமாகிறது. வரலாற்று மாணவரை ஈர்ப்பது இதுவே எனலாம். விலை ஏலக்காரர்களின் கவலை.

எனினும் ஆண்டுக்குறிப்பை அப்படியே ஏற்பதற்கில்லை. 'சொலேரா' முறையில் பழைய பீப்பாயிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அந்த இடத்தைப் புதிய மதுவால் நிரப்புவர். அத்தகைய புட்டியிலுள்ள ஆண்டு, தொகுதி தொடங்கிய ஆண்டே. உள்ளிருக்கும் மது அனைத்தின் வயதன்று. மேலும், பழம்புட்டிகளுக்குச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அடைப்பான் மாற்றப்படுவதுண்டு. சுவடியின் வயதும் அதிலுள்ள நூலின் வயதும் வேறாவதுபோல, ஒட்டுத்தாளும் மதுவும் வெவ்வேறு காலத்தனவாக இருக்கலாம்.

1815இல் செயின்ட் ஹெலினாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நெப்போலியனுக்கு ஃபுன்சாலில் 1792ஆம் ஆண்டின் மது ஒரு பீப்பாய் அளிக்கப்பட்டதென்றும், அது அருந்தப்படாமல் தீவுக்கே மீண்டதென்றும் வணிகர் மரபு கூறுகிறது. இக்கதையின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனிச் சான்று தேவை. கதை அழகாயிருப்பது அவற்றுள் ஒன்றாகாது. நியூ ஜெர்சியின் லிபர்ட்டி ஹாலில் சீரமைப்புப் பணியின்போது சுவருக்குப் பின்னிருந்து கிடைத்த 1796ஆம் ஆண்டு மதுவின் நிலை சற்று வேறு. 2018இல் ஏலத்துக்கு வந்த அம்மதுவுக்குக் கண்டெடுக்கப்பட்ட இடமேனும் சான்றாக உள்ளது. ஆனால் அவ்விடம் காட்டுவது மது அங்கிருந்ததையே. அது விளைந்த ஆண்டை அன்று.