25 அணுத் தங்கம்

தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணனின் நகைகளுக்கு ஒட்டிய தங்க ரேக்கு தலைமுறைகள் கடந்தும் கறுப்பதில்லை. தங்கம் காற்றோடும் நீரோடும் உறவு வைத்துக்கொள்ளாது. அதன் மதிப்பே அதில்தான். வேதியியலாரும் அதை வினைக்கு உதவாத உலோகம் என்று நெடுங்காலம் ஒதுக்கியிருந்தனர். ஆக்சைடின் மேல் நுண்துகளாகப் பதித்த தங்கம் வினையூக்கியாக நின்று, உறைநிலைக்கும் கீழான குளிரிலேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றும் என்று 1987இல் ஜப்பானின் மசதாகே ஹருட்டா காட்டிய பிறகே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

துகளை இன்னும் சிறிதாக்கினால் தங்கம் உலோகமாகவே இருப்பதில்லை. 25 தங்க அணுக்கள், அவற்றைப் போர்த்தும் 18 தயோல்கள் (கந்தகச் சேர்மங்கள்): இந்தக் கொத்தின் படிக அமைப்பு 2008இல் வெளியானது. நடுவே 13 அணுக்கள், சுற்றிலும் ஆறு கவ்விகளில் இரண்டிரண்டாக 12. எண்ணிக்கை சற்றும் பிசகாத இத்தகைய கொத்துகளைப் பற்றி நம் மாநிலத்திலேயே ஆராய்ந்து வருபவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. பிரதீப். 25 அணு வெள்ளிக் கொத்தையும் 25 அணுத் தங்கக் கொத்தையும் ஒரே கரைசலில் கலந்தால் அவை தமக்குள் அணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன, மொத்தம் மட்டும் 25ஆகவே நிற்கிறது என்று அவர் குழு 2016இல் அறிவித்தது. வினையூக்கியை அணு அணுவாக மாற்றிப் பார்க்க வழி திறந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இனி ஒளி. கட்டித் தங்கத்தில் ஒளி வாங்கிய எலக்ட்ரான், வரப்பில்லா வயலில் நீர் போல, நொடியின் லட்சம் கோடியில் சில பங்குக்குள் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். கொத்திலோ ஆற்றல் மட்டங்களுக்கு நடுவே சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு; கிளர்ந்த நிலை பல்லாயிரம் மடங்கு நேரம் தங்குகிறது. அருகிலுள்ள ஆக்சிஜனை வீரியமிக்க ஒற்றைநிலைக்குத் தூக்க ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். கணக்கு பொருந்துகிறது, 2014இல் சோதனையும் அதையே சொன்னது. இவ்வகைக் கொத்துகளைக் கொண்டு பென்சைலமீனை இமினாகவும் சல்பைடைச் சல்பாக்சைடாகவும் மாற்றியிருக்கிறார்கள். தேவை காற்றும் விளக்கும்தான்.

காற்றுக்குப் பதில் டைக்ரோமேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளைப் பயன்படுத்துவதன் விலை என்ன என்பதை ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சிக்கல் இல்லாமலில்லை. கொத்தைக் காக்கும் தயோல் போர்வையே வினைப்பொருள் உலோகத்தை நெருங்கவிடாமல் தடுக்கிறது. போர்வையை நீக்கினால் கொத்துகள் ஒட்டிக்கொண்டு மீண்டும் வெறும் தங்கமாகிவிடும். தங்கத்தின் விலையும் சேர்ந்தால், உரம் போன்ற மலிவுப் பொருளுக்கு இது ஆகாது. கிராம் கணக்கில் விற்கும் மருந்து மூலக்கூறுகளுக்கே இது கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு.

கொத்துகள் ஒட்டாதிருக்க அவற்றைச் சிலிக்கா மேல் பதிப்பது ஒரு வழி. இங்கே காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. வினையூக்கிகளுக்குத் தாங்கியாக உமிச் சிலிக்கா ஏற்கெனவே சோதிக்கப்பட்ட பொருள். ஆனால் புழுங்கலரிசி ஆலைக் கொதிகலனில் கட்டுப்பாடின்றி எரியும் உமியின் சிலிக்கா 700 பாகை செல்சியஸுக்கு மேல் படிகமாகி, நுண்துளைகளை இழந்துவிடுகிறது. முன்னதாகவே அமிலத்தில் கழுவி, மிதமான சூட்டில் எரிக்க வேண்டும்.

தமிழக அரசின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் காவிரி டெல்டாப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய உருக்காலைகளையும் தோல் ஆலைகளையும் தடுத்தது. அது சரியான முடிவு. எந்த வேதியியல் இங்கே வரக்கூடாது என்று சட்டம் பட்டியலிட்டுவிட்டது. எது வரலாம் என்பதை நம் கல்லூரி ஆய்வகங்கள்தான் எழுத வேண்டும். உமியில் தொடங்கினால் முதற்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.