கம்பனி கேட்ட கேள்வி

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அடிப்படையில் ஒரு வாணிக நிறுவனமே. எனினும், குடிகளின் வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது. சீதனம், ஈடு, கடன், காணி விற்பனை ஆகியவற்றில் ஊர்வழக்கு யாதென அறியாத உத்தியோகத்தர் எங்ஙனம் தீர்ப்பளிப்பர்?

தேசாதிபதி சைமன்ஸ் தம் கீழிருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸை வினவினார். 37 ஆண்டுகள் இங்கு வாழ்ந்த ஐசாக்ஸ் 1707 சனவரியில் எழுதியளித்த விடையே தேசவழமை.

கேள்விகளுட் சிறந்தது அதன் பின்னரே கேட்கப்பெற்றது. அவ்வறிக்கை தமிழில் மொழிபெயர்க்கப்பெற்றுப் பன்னிரு முதலியார்முன் வைக்கப்பெற்றது. இதுதான் நும் வழமையோ என வினவப்பெற்றனர். தன் உத்தியோகத்தர் தந்த விடையை அவ்விடைக்குரிய மக்களிடையே சோதித்தமை கம்பனிக்குப் பெருமையே. எத்துணை அனுபவமாயினும் ஒருவர் சொல் ஒருவர் சொல்லன்றோ!

ஆயின், அடிமைகள் பற்றிய பகுதியும் அந்நூலில் உண்டு. அதனைச் சரியென ஒப்பியோர் முதலியார்கள். சான்றுரைக்க அழைக்கப்பெற்ற பன்னிருவருள் அடிமை ஒருவரேனும் இலர். அவர்களிடம் கேட்க வேண்டுமென்ற எண்ணம் கேட்டவர்க்கும் எழவில்லை, விடையளித்தவர்க்கும் எழவில்லை.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமையைச் சட்டமாக ஏற்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது 1844இலேயாம்.