இறாற்கோதும் வாவி நீரும்

1848ஆம் ஆண்டில், இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், மட்டக்களப்புக் கோட்டையருகே உள்ள துறையிலிருந்து நிலவொளியில் தோணியேறி வாவிக்குள் சென்றார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற மெல்லோசைகள் நீருக்குள்ளிருந்து எழுந்தன. தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஓசை மிகுந்தது. மீனவர் அதனை ஊரியின் குரல் என்றனர். பாடும் மீன் என்ற பெயரே பின்னர் நிலைத்தது. அந்த இரவின் செய்தியைத் தெனன்ற் தமது இலங்கை வரலாற்று நூலில் எழுதி, 1859இல் வெளியிட்டார்.

அதே 1859ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் ரூஜே என்பவர் வேறொரு காரியத்தில் ஈடுபட்டிருந்தார். வண்டு, நண்டு, இறால் முதலியவற்றின் கோதில் உள்ள கைற்றின் என்னும் பொருளைக் கடுங்காரத்தில் இட்டுக் காய்ச்சினார். முன்பு எதிலும் கரையாதிருந்த அப்பொருள் மென்மையான அமிலத்திற் கரையும் தன்மை பெற்றது. இதுவே பிற்காலத்திற் கைற்றோசான் எனப்பட்டது. கைற்றினை முதன்முதல் 1811இல் பிராகொன்னோ காளானிற் கண்டார். 1823இல் ஒடியே அதனை வண்டின் சிறகுறையிற் கண்டு, ஆடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். தெனன்றின் நூலுக்கும் ரூஜேயின் காய்ச்சலுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. இன்று உண்டு.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே வயல்கள் பரந்த படுவான்கரை. வயல் வடிநீரும் நகர்க்கழிவும் இறுதியில் வாவியையே சேர்கின்றன. மாரியில் ஆற்றுவாய் திறந்து வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். கோடையில் மணற்றிடர் வாயை அடைத்துக்கொள்ள, வந்தது வந்தபடியே தங்கிவிடும். இறாலும் மீனும் நண்டும் வளர்வதும், தோணிக்காரரின் அடுப்பு எரிவதும் அந்த நீரை நம்பியே.

நீரின் குணத்தை முன்னோர் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அறிந்தனர். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துத் தெளிய வைத்தனர். அது சேற்றைப் படியச்செய்யுமேயன்றி, நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்லாது. தெளிந்த நீர் நல்ல நீர் என்ற பழைய நம்பிக்கைக்கு, நிறமும் மணமும் இன்றிக் கரைந்திருக்கும் புதிய நஞ்சுகள் இடம் வைக்கவில்லை. நெல்வயலிற் பூச்சிக்கெனத் தெளிக்கப்பட்ட மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்னும் மருந்துகள் மனிதருக்கே பெருங்கேடு விளைத்தமையால் 1995இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இனத்தவை வேறு பல உண்டு.

கண்ணுக்குப் புலப்படாததைக் கண்ணுக்குக் காட்ட இயற்கைப் பொருள்களையே மனிதர் நாடினர். 1664இல் றொபேட் பொயில், வயலற் மலரின் சாறு அமிலத்திற் சிவப்பாகவும் காரத்திற் பச்சையாகவும் மாறுவதை எழுதி வைத்தார். பாடசாலை மாணவர் கையாளும் பாசிச்சாயத் தாளும் கற்பாசியிலிருந்து பிறந்ததே. செவ்வரத்தம்பூவைக் கசக்கி இதே வித்தையை எந்த வீட்டு முற்றத்திலும் செய்து பார்க்கலாம்.

நிறத்தினும் நுட்பமான கருவி உயிரின் நொதியம். 1926இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர், வாளவரைக்கு இனமான ஓர் அவரை விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். இளமையில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர் அவர். இடக்கைப் பழக்கமுள்ளவராதலின், எல்லாவற்றையும் வலக்கையாற் செய்யப் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. அவரது கண்டுபிடிப்பைப் பலர் நம்ப மறுத்தனர். 1946இல் நோபெல் பரிசு கிடைத்தது. இரசம், செம்பு போன்ற உலோகங்கள் சிறிதளவு பட்டாலும் இந்நொதியம் தொழில் குன்றும். ஆகவே அவரை விதை உலோக நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாயிற்று. 1962இல் கிளார்க், லியோன்சு என்னும் இருவர் நொதியத்தை மின்வாயோடு இணைக்கும் வழியை வகுத்தனர். நொதியத்தின் உழைப்பை மின்னோட்டமாக அளக்கும் உயிருணரிகளின் வரலாறு அங்கே தொடங்கியது.

நொதியத்தை மின்வாயின்மேல் எவ்வாறு நிறுத்துவது? வெறுமனே வைத்தால் நீர் கழுவிக்கொண்டு போய்விடும். இங்கேதான் இறாற்கோது வருகின்றது. கோதை அமிலத்திலிட்டால் சுண்ணம் நீங்கும். காரத்திலிட்டால் புரதம் நீங்கும். எஞ்சிய கைற்றினைக் கடுங்காரத்திற் சூடாக்கினால் ரூஜே கண்ட கைற்றோசான். வினாகிரி போன்ற மெல்லமிலத்திற் கரைத்து மின்வாயிற் பூசி உலர்த்தினால், அது மெல்லிய படலமாகி நொதியத்தைப் பற்றிக்கொள்ளும்; உயிர்ப்பொருளுக்கு ஊறும் செய்யாது. நரம்புகளில் தொழிற்படும் அசெற்றைல்கோலினெசுத்தரேசு என்ற நொதியத்தை இப்படலத்தில் இருத்தி, அதற்குரிய இரையைக் கொடுத்தால் மின்னோட்டம் உண்டாகும். மேற்சொன்ன பூச்சிமருந்துகள் பூச்சியைக் கொல்வதும் இந்த நொதியத்தை முடக்கியே. ஆதலால் நீரில் அம்மருந்து இருப்பின் மின்னோட்டம் தாழும். தாழ்ந்த அளவே நஞ்சின் அளவு.

எனினும் இக்கருவியைக் கொண்டுவந்து வாவியில் அமிழ்த்திவிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. நொதியம் வெப்பத்திற்கு அஞ்சும். மட்டக்களப்பின் கோடையோ கொடிது. உலோகமும் சில வேளை அதனை முடக்கும். எது முடக்கியதென்று அது பெயர் சொல்லாது. வாவியின் உப்பும் ஓரிடத்தில் இருப்பதுபோல் மற்றோரிடத்தில் இல்லை: முகத்துவாரத்தருகே கடலின் உவர்ப்பு, ஆறுகள் சேருமிடத்தில் நன்னீர், ஆற்றுவாய் வெட்டப்பட்ட மறுநாள் எல்லாமே வேறு. அந்த உப்பு மாற்றத்தை நஞ்சென்று கருவி தவறாக எண்ணாதிருக்க, ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பருவத்திலும் நல்ல நீரை முதலில் அளந்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு ஆய்வுகூடத்தாரின் அறிவோடு, எந்த மாதத்தில் எந்த மடுவில் நீர் எவ்வாறிருக்கும் என்று அறிந்த தோணிக்காரரின் அறிவும் தேவை. கோதோ, சந்தையில் இறாலைத் துப்புரவு செய்தபின் நாள்தோறும் குப்பையிற் கொட்டப்படுகின்றது.